திமிங்கலப் பாட்டும் பறவைப் பாட்டும்: ஒப்பீடு எதுவரை செல்லும்?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் காலாண்டிதழுக்கு விலங்குகளின் குரல் குறித்து ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டையும் பாடும் பறவைகளின் பாட்டையும் அருகருகே வைத்து எழுதலாம் என்பது திட்டம். திமிங்கலப் பாட்டின் ஒலிப்பதிவை வேகம் கூட்டி ஓடவிட்ட காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து இந்த எண்ணம் விடாமல் இருக்கிறது. இயல்பான வேகத்தில் முனகலும் உறுமலும் நீண்ட இழுப்புமாக இருந்த அதே பதிவு, பல மடங்கு வேகத்தில் ஓடியபோது, விடியற்காலையில் வேலியோரம் கேட்கும் ஏதோ ஒரு குருவியின் குரல் என்றே நம்பும்படி மாறிவிட்டது.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஐயங்கள் எழுந்தன. இந்த ஒற்றுமை வெறும் வேகத்தால் வந்த மயக்கமா, அல்லது இரண்டு பாட்டுகளின் அமைப்பிலும் உண்மையாகவே பொதுவான ஏதாவது இருக்கிறதா? இரண்டு உயிரினங்களும் தம் பாட்டைப் பிறரிடமிருந்து கற்றுக்கொள்கின்றன என்று படித்தேன். பறவையைக் கூண்டில் வளர்த்து இதைச் சோதிக்கலாம். 30 டன் எடையுள்ள திமிங்கலத்தில் இதை எப்படி நிறுவினார்கள்? கட்டுரையைக் குயிலில் தொடங்கலாம் என்றும் நினைத்திருக்கிறேன், நம் வாசகர்களுக்கு அது நெருக்கமாக இருக்கும் என்பதால். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: சோலைபாடி

பொருநைக்கரை ஐயா அவர்களுக்கு வணக்கம். முதலில் குயிலை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அல்லது, எதிர்மறை எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பறவையியலில் பாடும் பறவைகள் என்று சொல்லப்படுவது ஏறத்தாழ 5,000 இனங்களைக் கொண்ட ஒரு தனிப் பிரிவு. உலகப் பறவை இனங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. குண்டுக்கரிச்சான், சோலைபாடி, தேன்சிட்டு, ஊர்க்குருவி எல்லாம் இதில் அடங்கும். குயில் அடங்காது. கேட்பவர்கள் முகம் சுளித்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: காக்கை இந்தப் பிரிவில் இருக்கிறது. தான் கரைவதைக் காக்கை எந்த உறுப்பால் செய்கிறதோ, அதே அமைப்புள்ள உறுப்பால்தான் சோலைபாடி பாடுகிறது.

இது வகைப்பாட்டுக்காரர்களின் வீம்பு அன்று. குயில் குஞ்சு காக்கைக் கூட்டில் பொரிகிறது. காக்கை ஊட்டிய இரையில் வளர்கிறது. கண் விழித்தது முதல் அதன் காதில் விழுவதெல்லாம் காக்கைக் குரலே. ஆயினும் பருவம் வந்ததும் ஆண் குயில் கூவுகிறதே ஒழியக் கரைவதில்லை. யாரும் கற்றுத்தராமலே வரும் பிறவிக் குரல் அது. பாடும் பறவைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்பவர், சேஃபின்ச் என்னும் ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளைத் தம் இனத்தின் பாட்டே கேட்காதபடி தனிமையில் வளர்த்துப் பார்த்தார். அவை பாடாமல் இருந்துவிடவில்லை. ஆனால் பாடியது நீளத்தில் மட்டும் ஏறத்தாழச் சரியாகவும், உள்விவரம் ஏதுமற்ற ஒரு வெற்றுக் கூட்டாகவும் இருந்தது. பின்னர் 1965இல் கொனிஷி என்ற ஆய்வாளர் இன்னொரு படி மேலே சென்றார். வெண்முடிக் குருவியின் குஞ்சுகள் பெரியவற்றின் பாட்டைக் கேட்டு முடித்த பிறகு, ஆனால் தாமே பாடிப் பழகத் தொடங்கும் முன், அவற்றின் கேட்கும் திறனை நீக்கினார். அவற்றால் பாட்டை உருவாக்க முடியவில்லை. ஆகவே, குருவின் பாட்டைக் கேட்பது மட்டும் போதாது. தன் குரலைத் தானே கேட்டு, மனத்தில் பதிந்ததோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்வதும் வேண்டும்.

இந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதைச் செல்லப் பறவை வளர்ப்பவர்கள் வீட்டிலேயே காணலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜீப்ரா ஃபின்ச் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்து 25 நாள் ஆனது முதல் ஏறக்குறைய 65ஆம் நாள் வரை, ஆண் குஞ்சு பெரும்பாலும் தகப்பனின் பாட்டை மனத்தில் பதித்துக்கொள்கிறது. 35 நாள் அளவில் தானும் முயலத் தொடங்குகிறது. அந்த முதல் முயற்சியைக் கூர்ந்து கேட்க வேண்டும்: தொண்டை இறகு லேசாகத் துடிக்க, அலகைச் சரியாகத் திறக்காமலே, பக்கத்துக் கம்பியில் இருக்கும் பறவைக்குக்கூடச் சரியாகக் கேட்காத தணிந்த குரலில், ஒழுங்கில்லாத ஒலிகளைக் கலந்து கொட்டிக்கொண்டே இருக்கும். டார்வின் 1871இலேயே இதைக் குழந்தையின் மழலையோடு ஒப்பிட்டார். வாரங்கள் செல்லச் செல்ல ஒலிகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசைப்பட்டு, 90ஆம் நாள் அளவில் ஒரு நொடிக்கும் குறைவான ஒரு பாட்டாக இறுகிவிடுகிறது. அதன்பின் சாகும்வரை அந்தப் பறவை பாடுவது அதையே.

எல்லாப் பறவைகளும் இப்படி ஒருமுறை கற்று நிறுத்திக்கொள்வதில்லை. கேனரி ஆண்டுதோறும் பாட்டில் புதியன சேர்த்துப் பழையன கழிக்கிறது. 1976இல் நோட்டபோமும் உடன் பணியாற்றியவர்களும் பாட்டுக்கென்றே மூளையில் தனி மையங்கள் இருப்பதைக் கண்டது இந்தக் கேனரியில்தான். வளர்ந்த விலங்கின் மூளையில் புது நரம்பணுக்கள் தோன்றுவதில்லை என்ற நம்பிக்கை 1980களில் ஆட்டம் கண்டதற்கும் இந்தச் சிறு மஞ்சள் பறவையே பெரிய காரணம். 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது: உறங்கிக்கொண்டிருக்கும் ஜீப்ரா ஃபின்ச்சின் மூளையில் பாட்டு மையத்தின் அணுக்கள், பகலில் பாடும்போது எந்த வரிசையில் துடித்தனவோ அதே வரிசையில் துடிக்கின்றன.

திமிங்கலத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மறுமொழி: நெய்தல் திணை

வணக்கம். சோலைபாடி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

பெர்முடாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் ஃபிராங்க் வாட்லிங்டன் நீருக்கடியில் பதிவு செய்து வைத்திருந்த ஒலிகளைக் கேட்ட ராஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும், அந்த ஒலிகள் தாறுமாறானவை அல்ல, குறிப்பிட்ட ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1971இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். தனி ஒலிகள் சேர்ந்து ஒரு தொடர். ஒரே தொடர் பலமுறை திரும்பினால் ஒரு கருப்பொருள். சில கருப்பொருள்கள் மாறாத வரிசையில் அமைந்தால் ஒரு பாட்டு. ஒரு பாட்டு 7 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை நீளும். முடிந்ததும் மூச்செடுத்துவிட்டு மீண்டும் தலைப்பிலிருந்து, இப்படியே மணிக்கணக்கில். சிக்கலான பாட்டுகளில் அடுத்தடுத்த தொடர்கள் ஒரே மாதிரியாக முடிவதையும் பின்னாளில் கவனித்தார்கள். நம் யாப்பில் இயைபு என்போமே, ஏறத்தாழ அப்படி. நீண்ட பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள அது உதவக்கூடும் என்பது ஒரு கருத்து.

ஆகவே உங்கள் முதல் ஐயத்துக்கு விடை: வேகம் கூட்டியதால் ஒற்றுமை உண்டாகவில்லை, ஒற்றுமை நம் காதுக்கு எட்டியது, அவ்வளவே. ஜீப்ரா ஃபின்ச்சின் எடை 15 கிராமுக்குள். திமிங்கலம் அதைப்போல் 20 லட்சம் மடங்கு. அதிரும் உறுப்பு பெரிதாகப் பெரிதாகச் சுருதி இறங்கும். மூச்சு நீண்டால் தொடரும் நீளும். அந்த இரண்டு வேறுபாட்டையும் ஒலிப்பதிவுக் கருவி ஒரே திருகலில் ஈடுசெய்துவிடுகிறது. எஞ்சி நிற்பது சிற்றலகுகளை அடுக்கிப் பேரலகுகளாக்கும் கட்டமைப்பு. அது இரண்டுக்கும் பொது.

உறுப்பில் மட்டும் எந்தப் பொதுமையும் இல்லை. பறவையின் ஒலியுறுப்பான சிரிங்ஸ், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே இயங்கும் என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை எழுப்ப முடியும். வட அமெரிக்கக் கார்டினல் பறவை தாழ்ந்த சுருதியை ஒரு பக்கத்தில் தொடங்கி உயர்ந்த சுருதியை மறுபக்கத்தில் முடிக்கும்போது, இடையில் ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. திமிங்கலம் பாலூட்டி ஆதலால் நம்மைப் போலக் குரல்வளையால்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்தக் குரல்வளையும் கடலுக்காகத் திருத்தி அமைக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த எலமன்ஸ் குழுவினர் 2024இல் நேச்சர் இதழில் விளக்கியபடி, ஆங்கில யு எழுத்தைப் போல வளைந்த ஒரு குருத்தெலும்பு அமைப்பு, எதிரே உள்ள கொழுப்புத் திண்டின் மேல் அழுந்த, இடையே காற்று புகுந்து செல்லும்போது அதிர்வு பிறக்கிறது. அந்தக் காற்று வெளியே போவதில்லை; உள்ளே ஒரு பையில் சேர்ந்து மீண்டும் சுழல்கிறது. பாடும் ஆண் திமிங்கலம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தலை தாழ்ந்தும் வால் உயர்ந்தும், ஏறக்குறைய அசைவின்றித் தொங்கும். அருகே நீந்திப் படமெடுத்தவர்கள் ஒரு குமிழிகூட மேலெழுவதைக் காண்பதில்லை. கேனரியோ, விரைந்து பாடும் பகுதியில், ஒவ்வொரு ஒலிக்கும் இடையே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரு குட்டி மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே பாடுகிறது. மூச்சைச் செலவழித்து உடனுக்குடன் ஈட்டும் முறை ஒன்று. மூச்சைச் செலவழிக்காமலே பாடும் முறை மற்றொன்று. என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையில் அதிக இடம் பெற வேண்டியது இந்தப் பகுதிதான்.

கற்றலை எப்படி நிறுவினார்கள் என்று கேட்டீர்கள். கூண்டு தேவைப்படவில்லை, பொறுமை தேவைப்பட்டது. ஓர் இனப்பெருக்கக் கூட்டத்தில் உள்ள ஆண்கள் எல்லாம் ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடுகின்றன; அந்தப் பாட்டு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மாறும்போது எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1996இல் பதிவு செய்யப்பட்ட 82 பாடகர்களில் இரண்டு மட்டும் முற்றிலும் வேறொரு பாட்டைப் பாடின. அது மேற்குக் கரையின் பாட்டு. 1997இல் இரண்டு பாட்டும் கலந்து கேட்டன. 1998இல் கிழக்குக் கரை முழுவதும் மேற்குக் கரைப் பாட்டுக்கு மாறியிருந்தது. மரபணுவில் எழுதப்பட்டிருந்தால் பாட்டு மாறத் தலைமுறைகள் கழிய வேண்டும்; இங்கே உயிரோடிருந்த அதே திமிங்கலங்கள் இரண்டே ஆண்டில் பழைய பாட்டைக் கைவிட்டன. நோட் என்பவரும் குழுவினரும் 2000இல் இதை வெளியிட்டபோது, பண்பாட்டுப் புரட்சி என்றே தலைப்பிட்டார்கள். பிறகு எலன் கார்லண்டும் குழுவினரும் 1998 முதல் 2008 வரையிலான பதிவுகளை ஒப்பிட்டு, பாட்டுகள் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நியூ கலிடோனியா, டோங்கா வழியாகப் பிரெஞ்சு பாலினீசியா வரை, அலை அலையாகக் கிழக்கு நோக்கியே நகர்வதைக் காட்டினார்கள்.

பறவைகளோடு ஒப்பிடும்போது வேறுபாடு எங்கே என்று பாருங்கள். ஜீப்ரா ஃபின்ச் குஞ்சாக இருக்கும்போது, பெரும்பாலும் தகப்பனிடம், ஒருமுறை கற்கிறது. திமிங்கலம் வளர்ந்த பிறகும், சமவயதுப் பாடகர்களிடமிருந்து, வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்கிறது. பறவைகளில் அதற்கு நெருக்கமானது கேனரி போன்றவையே.

மறுமொழி: துலாக்கோல்

மேலே சொன்னவற்றில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒப்பீட்டின் இரண்டு தட்டுகளும் ஒரே வகை எடைகளால் நிரப்பப்படவில்லை என்பதைக் கட்டுரையாளர் மனத்தில் கொள்ள வேண்டும். பறவையைப் பற்றி நமக்குத் தெரிந்தது மூளைக்குள்ளிருந்து கிடைத்தது: தனிமையில் வளர்த்தார்கள், செவியைச் செயலிழக்கச் செய்தார்கள், மின்முனை பதித்தார்கள். திமிங்கலத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நீருக்கடியில் இறக்கிய ஒலிவாங்கி வழியாக வெளியிலிருந்து கிடைத்தது. எலமன்ஸ் குழுவினரின் குரல்வளை ஆய்வுகூட, கரையொதுங்கி இறந்த திமிங்கலங்களின் உறுப்பில் காற்றைச் செலுத்தியும் கணினி மாதிரியைக் கொண்டும் செய்யப்பட்டதே. திமிங்கலக் கன்று மழலை பாடுகிறதா, தன் குரலைக் கேட்டுத் திருத்துகிறதா என்பதற்கெல்லாம் பறவையிலிருந்து விடையை இரவல் வாங்கி எழுதிவிடுவது எளிது; பல பிரபலக் கட்டுரைகள் அதைத்தான் செய்கின்றன.

எதற்காகப் பாடுகின்றன என்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. 1970களில் ஜான் கிரெப்ஸ், ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைதம் காட்டில், எல்லைபிடித்து வாழ்ந்த பட்டாணிக்குருவிகளை அப்புறப்படுத்திவிட்டு, சில எல்லைகளில் ஒலிபெருக்கி வழியாக அவற்றின் பாட்டை ஒலிக்கவிட்டார், சிலவற்றை வெறுமையாக விட்டார். பாட்டு ஒலித்த இடங்களில் புதுக் குருவிகள் குடியேறத் தயங்கின. வெறும் குரலே வேலியாக நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திமிங்கலத்தில் பெண்ணைக் கவரவா, பிற ஆண்களோடு உறவையோ போட்டியையோ ஒழுங்குபடுத்தவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பாடும் ஆணிடம் வந்து சேர்வது பல வேளைகளில் இன்னோர் ஆணாகவே இருக்கிறது. கிழக்கு ஆஸ்திரேலியாவில் 1997இல் ஏறக்குறைய 3,700 ஆக இருந்த திமிங்கலங்கள் 2015இல் 27,000 ஆகப் பெருகின. அந்தக் காலத்தில் பெண்ணை நாடும் ஆண்களில் பாடுகிறவற்றின் பங்கு குறைந்துபோனதை 2023இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கூட்டம் பெருத்தபின், தன் இருப்பிடத்தைப் பாடி அறிவிப்பது போட்டியாளர்களை அழைத்து வருவதாக முடிந்துவிடும் போலும். பறவைக் கூட்டத்திலும் இப்படியொரு மாற்றம் நேரலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அங்கே பெரும்பாலும் பேசப்படுவது எதிர்த்திசைச் சிக்கல்: ஆள் குறைவது.

இன்னொன்று. 2025இல் இன்பல் ஆர்னன், சைமன் கர்பி, கார்லண்ட் ஆகியோர் நியூ கலிடோனியாவில் 8 ஆண்டுகளாகச் சேகரித்த பாட்டுகளில், மனித மொழிச் சொற்களில் காணப்படும் ஒரு புள்ளியியல் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்கள். சில அலகுகள் மிக அடிக்கடியும் பெரும்பாலானவை அரிதாகவும் வரும் அந்த ஒழுங்கு, கற்றுக் கைமாற்றப்படும் எதிலும் உருவாகக்கூடும் என்பதே அவர்களின் வாதம். இதைத் திமிங்கல மொழி கண்டுபிடிப்பு என்று செய்தித்தாள் பாணியில் எழுதிவிடாதீர்கள். பொருள் என்ற பேச்சே அந்த ஆய்வில் இல்லை.

கடல்வாழ் பாலூட்டியில் சோதனைக்குட்பட்ட எடுத்துக்காட்டு தேவைப்பட்டால் புட்டிமூக்கு ஓங்கில் (டால்பின்) இருக்கிறது. ஒவ்வோர் ஓங்கிலும் பிறந்து ஓராண்டுக்குள் தனக்கென ஒரு சீழ்க்கையை அமைத்துக்கொள்கிறது. அதைப் பதிவிலிருந்து எடுத்து ஒலித்தால் உரிய ஓங்கில் மறுகுரல் கொடுக்கிறது என்பதை 2013இல் காட்டினார்கள். ஆனால் அது பாட்டு அன்று, அடையாளக் குறி. பறவைப் பாட்டோடு ஒப்பிட அமைப்பில் அதற்கு அந்தச் செழுமை இல்லை. ஆகவே செழுமையான பாட்டு வேண்டுமானால் சோதிக்க முடியாத திமிங்கலம், சோதித்த சான்று வேண்டுமானால் பாடாத ஓங்கில்.

மறுமொழி: பொருநைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. குயிலை எதிர்மறை எடுத்துக்காட்டாகவே வைத்துக்கொள்கிறேன். காக்கையைப் பாடும் பறவை என்று எழுதினால் ஆசிரியர் குழுவில் ஒரு சச்சரவு நிச்சயம், அதைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு துணைக் கேள்விகள். திமிங்கலப் பாட்டு கடலைத் தாண்டிப் பரவியது போலப் பறவைப் பாட்டு நிலப்பரப்பைத் தாண்டிப் பரவியதற்குச் சான்று உண்டா? ஆள் குறைவது பறவைப் பாட்டை எப்படிப் பாதிக்கிறது என்பதைத் துலாக்கோல் அவர்கள் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள்; அதையும் யாரேனும் விரித்துச் சொல்லுங்கள். நம் பக்கத்து வாசகர்களுக்காக, பாக் நீரிணையின் ஆவுளியா என்னும் கடற்பசுவைச் சேர்க்க இடமுண்டா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: சோலைபாடி

பரவலுக்குச் சான்று உண்டு. தற்செயலாக அதுவும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியே. கனடாவின் வெண்தொண்டைக் குருவி நெடுங்காலமாகத் தன் சீழ்க்கையை மூன்று மூன்று ஒலிகளாக முடித்துவந்தது. ராக்கி மலைகளுக்கு மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவில், இரண்டிரண்டாக முடிக்கும் புது வழக்கம் தோன்றியது. 2004இல் மலைக்குக் கிழக்கேயுள்ள ஆல்பர்ட்டாவில் ஏறக்குறையப் பாதிக் குருவிகள் அதைப் பாடின. 2014இல் அங்கே எல்லாமே அதைப் பாடின. பிறகு ஒன்டாரியோவரை, 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், அது சென்றுவிட்டது. கென் ஆட்டரும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட இந்த ஆய்வுக்குக் கணிசமான பதிவுகளை அளித்தவர்கள், தத்தம் ஊரில் கேட்டதை இணையத்தில் ஏற்றிய பறவை ஆர்வலர்கள். சில குருவிகளின் முதுகில் இடமறியும் சிறு கருவியைப் பொருத்தியபோது, மேற்குக் குருவிகளும் ஆல்பர்ட்டாக் குருவிகளும் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரே இடங்களில் குளிர்காலத்தைக் கழிப்பது தெரிந்தது. பாட்டு கைமாறும் இடம் அதுவாக இருக்கலாம். திமிங்கலங்கள் அண்டார்ட்டிகாவை ஒட்டிய மேய்ச்சல் கடலிலும் அங்கே செல்லும் வழியிலும் பாட்டைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று கருதப்படுவதோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஆயினும் அளவில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. குருவி மாற்றியது முடிப்பை மட்டும், அதுவும் கண்டத்தைக் கடக்க இருபது ஆண்டளவு எடுத்துக்கொண்டு. திமிங்கலம் முழுப் பாட்டையும் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டாண்டில் வேறொன்றை ஏற்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதையும் தூக்கிப்போடுகிறது. புதிதாக வரும் பாட்டு பெரும்பாலும் பழையதைவிட எளிமையானது என்பதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. முழுதாகப் புதியதை ஒரேயடியாகக் கற்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது போலும். பழையதை வைத்துக்கொண்டு அலங்கரிப்பது எளிது. பறவைகளில் இப்படி முழுமையாக, திரும்பத் திரும்ப, கூட்டமாக மாற்றுவது மிக அரிது.

ஆள் குறைவைப் பற்றி: தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்னும் தேனுண்ணும் பறவை சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. குஞ்சுகளுக்குக் கேட்கும் தொலைவில் தம் இனத்து மூத்த ஆண் இருப்பதே அரிதாகிவிட்டது. 2021இல் வெளியான ஆய்வின்படி, கவனிக்கப்பட்ட ஆண்களில் 12 விழுக்காடு தம் இனத்தின் பாட்டையே பாடவில்லை. வேறு இனப் பறவைகளின் குரலை அப்படியே பாடிக்கொண்டிருந்தன. பொருந்தாத பாட்டைப் பாடுகிறவற்றுக்கு இணை அமைவதும் கூடு கட்டுவதும் குறைந்தது. காப்பகத்தில் பிறந்த குஞ்சுகளுக்குப் பதிவு செய்த பாட்டையும், காட்டிலிருந்து வந்த மூத்த ஆண்களையும் கொண்டு பாட்டு கற்பிக்கிறார்கள். குயிலுக்கு இந்தக் கவலை வர வாய்ப்பே இல்லை என்பதைக் கட்டுரையில் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். பிறவிக் குரல் உள்ளவற்றுக்குக் குரு தேவையில்லை, இனம் அருகினாலும் பாட்டு அருகாது.

மறுமொழி: கூழைக்கடா

ஒரு சிறு திருத்தம் மட்டும். பேச்சு முழுவதும் ஆண் பறவை, ஆண் திமிங்கலம் என்றே போகிறது. கூன்முதுகுத் திமிங்கலத்தில் பாடுவது ஆண் மட்டுமே என்பது சரி. பாடும் பறவைகளுக்கு அதை அப்படியே நீட்டக் கூடாது. 2014இல் ஒடோமும் உடன் ஆய்வாளர்களும் உலகெங்குமுள்ள இனங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, தகவல் கிடைத்த இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுவது தெரிந்தது. பாடும் பறவைகளின் பொது மூதாதையிலேயே பெண் பாடியிருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆண் மட்டும் பாடும் வழக்கம் பின்னாளில் சில கிளைகளில் வந்தது. ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்ததும், அங்குள்ள பறவைகளில் பெண் அதிகம் பாடாததும், ஜீப்ரா ஃபின்ச் ஆய்வகத்தின் செல்லப்பிள்ளையாக அமைந்ததும் சேர்ந்து நம் மனத்தில் ஆண் பாடகன் என்ற படத்தைப் பதித்துவிட்டன.

மறுமொழி: நெய்தல் திணை

ஆவுளியாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் பதிவு செய்தவர்கள், ஆவுளியா கீச்சொலியும் உருட்டொலியும் குரைப்பொலியும் எழுப்புவதை விவரித்திருக்கிறார்கள். வேகம் கூட்டாமலே பறவைக் குரலாகக் கேட்கும் கடற்பாலூட்டி அது. ஆனால் அந்த ஒலிகள் கற்கப்படுகின்றன என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே உங்கள் ஒப்பீட்டில் அதன் இடம் குயிலுக்குப் பக்கத்தில். 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்த செய்தியோடு ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகரலாம்.

நம் பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் அதைவிடப் பொருத்தமானது அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கலம். உலகில் மற்ற கூட்டங்கள் எல்லாம் துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே வலசை போக, இது மட்டும் ஓமான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகியவற்றை ஒட்டிய கடலிலேயே ஆண்டு முழுவதும் தங்கிவிடுகிறது. மரபணுக் கணக்குப்படி ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறது. ஓமான் கரையில் 100க்கும் குறைவானவையே இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சோலைபாடி சொன்ன ரீஜென்ட் ஹனிஈட்டரைப் போல இதுவும் சிறு கூட்டம்தான். ஆனால் பாட்டை இழந்துவிடவில்லை. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் கூட்டத்தின் பாட்டிலிருந்து வேறான ஒரு பாட்டை இது பாடுகிறது. வடகோளக் குளிர்காலத்தில் பாடும் இதற்கும், ஜூலையை ஒட்டி மடகாஸ்கர் கடலில் பாடத் தொடங்கும் அந்தக் கூட்டத்துக்கும் பருவம் ஆறு மாதம் தள்ளியிருப்பதால், ஒன்றின் பாட்டு மற்றொன்றின் காதில் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் இரு கரைகளுக்கும் இடையே நிகழ்ந்தது இங்கே நிகழாமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.